தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை



ஆடி பிறந்துவிட்டது. சிவகங்கைச் சீமையின் ஒக்கூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் வழியில் ஓர் ஊரிலாவது காப்புக் கட்டியிருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரி. புரவி எடுப்பு நடக்கப்போகும் ஊர்களின் வேளார் வீட்டு முற்றங்களில் மண் குதிரைகள் கால் வேறு தலை வேறாகக் காய்ந்துகொண்டிருக்கின்றன. இந்த மாதத்தில் சாமியையும் முனியையும் பேயையும் விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதினால் வாசகர்கள் மன்னிக்கலாம், ஊர் மன்னிக்காது.

எழுத வைத்தது ஒரு கடிதம். நம் பக்கத்துப் பெண், இப்போது அயர்லாந்தில் செவிலியர் வேலை பார்க்கிறார். அவர் குடியிருக்கும் வீட்டுக்காரர் ஒரு விவசாயி. வயலின் நடுவில் ஒற்றை முள்மரம் நிற்கிறதாம். டிராக்டர் ஓட்டும்போது அதை மட்டும் சுற்றி வளைத்து ஓட்டுவாராம். ஏன் வெட்டவில்லை என்று கேட்டால் சிரிக்கிறார். அதில் ஏதும் இருப்பதாக நம்புகிறீர்களா என்றால் இல்லவே இல்லை என்கிறார். சரி, வெட்டிவிடலாமே என்றால் அதற்கும் தலையாட்ட மறுக்கிறார். ‘நம்ம ஊரு முனி மரம் மாதிரியே இருக்கே, இவுகளுக்கும் நமக்கும் ஏதும் தொடுப்பு உண்டா?’ என்று கேட்டிருந்தார்.

ரத்த உறவெல்லாம் தேட வேண்டாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் பழக்கத்தால் கவனிக்காமல் விட்ட சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அதற்காகத்தான் இந்தப் பக்கம் இம்முறை கொஞ்சம் நீளம்.

அயர்லாந்தின் தேவதைகள் என்றதும் சிறகு முளைத்த குட்டிப் பெண்ணும் மந்திரக்கோலும் நினைவுக்கு வந்தால், அது படப்புத்தகத்தின் வேலை. அந்த நாட்டுக் கிராமத்தார் பயந்தது வேறு ஆட்களுக்கு. பெரும்பாலும் நம் உயரம்தான் இருப்பார்கள். மாடு வளர்ப்பார்கள், கல்யாணம் செய்வார்கள், கட்சி கட்டிச் சண்டை போடுவார்கள், விடிய விடிய இசை வாசிப்பார்கள். குடியிருப்பு, புல் முளைத்த மண்மேடுகளுக்கு உள்ளே. பேரைச் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள், ‘நல்லவர்கள்’ என்பார்கள். நம் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு பாம்பைப் ‘பூச்சி’ என்று சொல்வோமே, அதே பயம். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்குப் பழங்கதை ஒன்று உண்டு: டூவா டே டானன் என்ற குலத்தார் அந்தத் தீவை ஆண்டார்கள்; பின்னால் வந்தவர்களிடம் தோற்றார்கள்; மண்ணுக்கு மேலே வென்றவர்களுக்கு, மண்ணுக்குக் கீழே தோற்றவர்களுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். கிறிஸ்தவம் வந்த பிறகு வேறொரு விளக்கமும் சேர்ந்தது. வானுலகில் கடவுளுக்கும் லூசிபருக்கும் போர் நடந்தபோது எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்ற தேவதூதர்களாம் இவர்கள். நரகத்துக்கு அனுப்புமளவு குற்றமில்லை, சொர்க்கத்தில் வைத்துக்கொள்ளவும் மனமில்லை, பூமியில் தள்ளிவிட்டார்கள். நடுநிலை வகித்தவர்களுக்கு எந்த உலகத்திலும் நல்ல இடம் கிடைப்பதில்லை போலும்.

இந்த மண்மேடுகளில் பல உண்மையில் கி.பி. 500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்து விவசாயக் குடும்பங்கள் வட்டமாகக் கரை கட்டி வாழ்ந்த இடங்கள். சுமார் 45,000 மேடுகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஆயிரம் வருடம் ஏர் படாமல் அவை மிஞ்சியதற்குச் சட்டம் காரணமில்லை. மேட்டை உழுதால் மாடு சாகும், பிள்ளை சாகும் என்ற பயம்தான் காவல் இருந்தது. 1999இல் கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்ற இடத்தில் பெரிய சாலை போட வந்தபோது, வழியில் ஒரு ஹாதார்ன் முள்மரம் நின்றது. தேவதைகள் போருக்குப் போகும் முன் கூடும் மரம் அது, வெட்டினால் அந்தச் சாலையில் உயிர்ப்பலி தொடரும் என்று எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பத்திரிகைக்கு எழுதினார். உலகம் முழுக்கச் செய்தியானது. கடைசியில் மரத்தை விட்டுவிட்டே சாலை போட்டார்கள். நம்மூரில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு கதை உண்டு: மண்வெட்டும் எந்திரம் கருப்பர் மரத்தருகே வந்ததும் நின்றுபோனது, ஓட்டுநர் காய்ச்சலில் விழுந்தார், ஒப்பந்தக்காரர் கிடாய் வெட்டினார், பிறகு சாலை ஒரு முழம் விலகியது.

இனி நம் பக்கம் வருவோம்.

சிவகங்கைச் சீமையில் பிறந்தவருக்கு அய்யனாரையும் கருப்பரையும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் வெளியூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அய்யனார் ஊர் எல்லையில், பெரும்பாலும் கண்மாய்க் கரையில் இருப்பார். இரவில் வெள்ளைக் குதிரையில் எல்லை சுற்றுவதாக நம்பிக்கை. கருப்பர் அவருக்குக் காவல். அய்யனாருக்குப் பொங்கலும் பழமும்; கருப்பருக்குக் கிடாய், சாராயம், சுருட்டு. கருப்பருக்குக் கிடாய் வெட்டும்போது அய்யனார் சன்னிதியில் திரை போட்டுவிடுவார்கள், பெரியவர் முகம் சுளிக்கக்கூடாதென்று. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனாரைப் போல ராஜகோபுரமும் தேரும் கண்டவர்களும் உண்டு. வேல்கம்பும் செங்கல்லும் தவிர வேறு ஏதுமில்லாமல் வெயிலில் நிற்பவர்களும் உண்டு. புரவி எடுப்புக்கு ஊரார் பிடிமண் கொடுத்த பிறகுதான் வேளார் மண்ணில் கை வைப்பார். குதிரையைச் சுட்டு, வண்ணம் தீட்டி, கண் திறந்து, தோளில் சுமந்து கோயிலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதோடு சரி. உடைந்தால் ஒட்டுவதில்லை, சாய்ந்தால் நிமிர்த்துவதில்லை. அடுத்த முறைக்குப் புதுக் குதிரை.

எல்லைக்கு உள்ளே இவர்கள். எல்லைக்கு வெளியே, பாழுங்கிணற்றில், ஒற்றைப் புளியமரத்தில், சுடுகாட்டு ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கோயில் இல்லை. விதிமுறைகள் மட்டும் உண்டு. உச்சிவெயிலில் கண்மாய்ப் பக்கம் தனியாகப் போகக்கூடாது. கறிச்சோறு கொண்டுபோனால் மேலே ஒரு அடுப்புக்கரித் துண்டு வைக்க வேண்டும். ராத்திரி வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கு ‘ம்’ கொட்டக்கூடாது. மூன்றாவது முறையும் கூப்பிட்டால்தான் மனிதக் குரல். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு இருக்க வேண்டும், அரிவாளோ பாக்குவெட்டியோ. இந்தக் கடைசி விதியைப் படித்துவிட்டு அயர்லாந்துக் கணக்கைப் பாருங்கள்: அங்கே தொட்டிலுக்குக் குறுக்கே அடுப்பு இடுக்கியை வைப்பார்கள். மண்மேட்டுக்காரர்களுக்கும் இரும்பு ஆகாது.

தொட்டிலில் ஏன் இத்தனை கவனம்?

ஏனென்றால் அந்த நாட்டில் பயங்களிலெல்லாம் பெரிய பயம், பிள்ளை மாற்றப்படுவது. நல்ல பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அதே முகத்தோடு ஒரு நோஞ்சானை, ஓயாமல் அழும் ஒன்றைத் தொட்டிலில் போட்டுவிடுவார்களாம். நேற்றுவரை சிரித்த பிள்ளை திடீரென இளைத்து, பால் குடிக்காமல், பார்வை மாறிப் போனதற்கு அவர்கள் கண்டுபிடித்த காரணம் இது. ஆண் பிள்ளையைத்தான் அதிகம் தூக்குவார்கள் என்பதால், மேற்கு அயர்லாந்தில் பையன்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது வரை பாவாடை கட்டிவிட்டார்கள். பெண் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு தேவதை போய்விடுமாம்.

நாமும் ஏமாற்றினோம், வேறு மாதிரி. முதல் இரண்டு பிள்ளையும் தங்காமல் போன வீட்டில் மூன்றாவது பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தார்கள், குப்பன், குப்பாயி. மூக்குக் குத்திவிட்டார்கள், மூக்கன், மூக்காயி. பிச்சையாகக் கேட்டு வாங்கினார்கள், பிச்சை, பிச்சையம்மாள். இதில் மதம் குறுக்கே வரவில்லை, நாகூர்பிச்சை என்ற பெயரை நம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கேட்டிருப்பீர்கள். எல்லாவற்றிலும் என்னை நிறுத்திவைப்பது தவிடு. பிறந்த பிள்ளையை அக்கம்பக்கத்தில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, பெற்றவளே முறத்தில் தவிட்டை அள்ளிக் கொடுத்து அதை விலைக்கு வாங்குவாள். மாட்டுக்குப் போடும் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, யார் கண்ணுக்கும் பெறுமானமில்லாத பிள்ளை. சாவுக்கு அது வேண்டியிருக்காது. தவிடன், தவிட்டம்மாள் என்று பெயர் வைத்து ஊரறியக் கூப்பிட்டார்கள். குறும்பு செய்யும் பிள்ளையை ‘ஒன்னைத் தவிட்டுக்குத்தாண்டா வாங்குனோம்’ என்று இன்றும் கேலி செய்கிறோம். கேலிக்கு அடியில் எத்தனை சின்னப் பாடைகள் கிடக்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது 13. தவிடன் என்ற பெயர் நம் பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்து மறைந்ததில் நாகரிகத்துக்கு ஒரு பங்கு இருக்கலாம். தடுப்பூசிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும்தான் பெரிய பங்கு.

மாற்றப்பட்ட பிள்ளையின் கதை நம்மிடமும் உண்டா? உண்டு. அதுவும் சிலப்பதிகாரத்தில், கனாத்திறம் உரைத்த காதையில். கண்ணகியின் கனவுக்காக மட்டுமே அந்தக் காதையை நினைவில் வைத்திருக்கிறோம். அதில் மாலதி என்றொரு பெண் வருகிறாள். மாற்றாளின் குழந்தைக்குப் பால் புகட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. கணவனும் மாற்றாளும் என்ன சொல்வார்கள் என்ற நடுக்கத்தில், இறந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புகார் நகரத்துக் கோயில் ஒவ்வொன்றாக ஓடுகிறாள். எந்தத் தெய்வமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பாசண்டச் சாத்தன் கோயிலில் விழுந்து கிடக்கிறாள். ஓர் இளம்பெண் உருவில் வந்த இடாகினிப் பேய், தவம் செய்யாதவர்க்குத் தெய்வம் வரம் தராது என்று சொல்லி, பிணத்தைப் பறித்துக்கொண்டு இருட்டில் சுடுகாட்டுக்குப் போய் விழுங்கிவிடுகிறது. மாலதி அலறுகிறாள். அப்போது சாத்தன், அழாதே, போகிற வழியில் உன் பிள்ளை உயிரோடு கிடக்கும் என்கிறான். கிடக்கிறது. அள்ளிக் கொண்டுபோய்ப் பெற்றவளிடம் கொடுக்கிறாள். அந்தப் பிள்ளை யார் என்றால், சாத்தனேதான். வளர்கிறான், படிக்கிறான், பெற்றோர் இறந்தபோது செய்ய வேண்டிய கடன் செய்கிறான், தேவந்தியைக் கல்யாணம் செய்து எட்டு ஆண்டு வாழ்கிறான். பிறகு தன் மூவா இளநலத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறான்.

அயர்லாந்துக் கதையில் வேற்றாள் நம் பிள்ளையைத் திருடிவிட்டுத் தன் பிள்ளையைத் திணிக்கிறான். இளங்கோவடிகள் சொன்ன கதையில் தெய்வம் செத்த பிள்ளையின் இடத்தில் தானே வந்து படுத்துக்கொள்கிறது. ஒரு பெண்ணின் மேல் விழவிருந்த கொலைப்பழியைத் தடுப்பதற்காக ஒரு சாமி முழு மனித வாழ்க்கையும் வாழ்ந்துவிட்டுப் போகிறது. உலக இலக்கியத்தில் இதற்கு இணையான ஒன்றை நான் படித்ததில்லை. தேவந்தியைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள், அது தனிக் கதை.

சாத்தன் என்ற அந்தப் பழைய பெயருக்குரிய தெய்வத்தை நம் அய்யனாரோடு சேர்த்தே ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். எங்கள் ஊர் தன் புலவராகக் கொண்டாடும் ஒக்கூர் மாசாத்தியார் பெயரிலும், மாசாத்தனார் பெயரிலும் அவர் இருக்கிறார். செட்டிநாட்டு வீடுகளில் இன்றைக்கும் கூப்பிடும் சாத்தப்பனிலும் சாத்தையாவிலும் இருக்கிறார். மாசாத்தியார் பாட்டாக நமக்குக் கிடைத்தவை எட்டு. அதில் புறநானூற்றின் 279ஆம் பாட்டைத் தெரியாதவர் குறைவு: தமையனும் கணவனும் போரில் செத்த பிறகு, ஒரே மகனைத் தலைசீவி வேல் கொடுத்து அனுப்புகிறாள் ஒருத்தி. அதை வீரத்தின் பாட்டு என்று மேடையில் முழங்குகிறோம். அனுப்பியவள் வீட்டில் அன்றிரவு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பதில்லை. அப்படிப் போன பையன் திரும்பாவிட்டால் நடுகல்லாவான். கல்லுக்கு மயில்பீலி சூட்டி, கள் படைத்து வணங்குவார்கள். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று 2012இல் கிடைத்தது. ஆநிரைப் பூசலில் செத்தவனுக்கு நட்டது. ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் இது.

இங்கேதான் அயர்லாந்தும் நாமும் வழி பிரிகிறோம் என்று எனக்குப் படுகிறது. அவர்களுடைய மேட்டுக்காரர்கள் வேறு இனம், வேறு குடி. நம்முடையவர்கள் பெரும்பாலும் நம்மோடு இருந்து, அகாலத்தில் போனவர்கள். வெட்டுப்பட்டவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், பசியில் பிள்ளைகளோடு செத்த நல்லதங்காள்கள், சாதி மாறிக் காதலித்ததற்காகக் கொல்லப்பட்டவர்கள். அலையவிட்டால் பேய், கல் நட்டுச் சோறு போட்டால் சாமி. கல்யாணமாகாமல் போன பெண்ணுக்கு வீட்டிலேயே பெட்டியில் சேலை வைத்து ஆண்டுதோறும் படைப்புப் போடுகிறோம்.

கொல்லங்குடி பக்கத்தில் அரியாக்குறிச்சி வெட்டுடையார் காளி கோயிலுக்குப் போகாதவர்கள் இந்தச் சீமையில் குறைவு. 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் கொல்லப்பட்டார். அவர் மனைவி ராணி வேலுநாச்சியார் தப்பிப் போன வழியைக் கண்ட உடையாள் என்ற பெண், காட்டிக்கொடுக்க மறுத்ததால் வெட்டப்பட்டாள். 1780இல் சீமையை மீட்டுத் திரும்பிய ராணி, அவள் நினைவுக்குத் தன் தாலியைக் காணிக்கை வைத்தார் என்பது இங்கு வழிவழியாகச் சொல்லும் கதை. இன்று அந்தக் கோயிலில் மக்கள் காசை வெட்டிப் போடுகிறார்கள். பங்காளி நிலத்தை அமுக்கிக்கொண்டான், கடன் வாங்கியவன் ஏமாற்றிவிட்டான், நகையைத் திருடியவன் கண்ணெதிரே நடமாடுகிறான். போலீஸ் எழுதிக்கொள்ளவில்லை, கோர்ட்டுக்குப் போகப் பணமில்லை. நாணயத்தை வெட்டிப் போட்டு ‘நீயே கேளு தாயி’ என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். உண்மையைச் சொல்லாததற்காக உயிர் போன பெண்ணிடம், உண்மையைக் கொண்டுவரச் சொல்லி முறையிடுகிறார்கள். மடப்புரம் காளியிடம் சத்தியம் கேட்பதும், அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் கதவுக்கு முன்னால் வழக்குத் தீர்ப்பதும் இந்த வகைதான். எழுதாத வழக்குகளின் நீதிமன்றம் என்று இந்தக் கோயில்களைச் சொல்லலாம்.

அந்த நீதிமன்றத்தின் பதிவேட்டையும் நாம் திருத்திவிடுகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். கதைப்பாடல்களில் வரும் மதுரைவீரனும் முத்துப்பட்டனின் மனைவியரும் எந்தக் குடியில் பிறந்தார்கள் என்பதைப் பிற்காலப் பாடல்கள் மாற்றிவிட்டன. ‘தாழ்ந்த’ வீட்டில் வளர்ந்தாலும் பிறந்தது உயர்ந்த வீட்டில்தான் என்று ஒரு முன்கதை ஒட்டப்பட்டது. கொன்றவர்களுக்கு அது வசதி. கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்த நா. வானமாமலை இந்த ஒட்டுவேலையை அன்றே எடுத்துக்காட்டினார். அதன் பிறகும் பல ஊர்களில் இன்று கோயில் வரலாறு என்று அச்சாகும் துண்டுப்பிரசுரங்களில் செத்தவர் காணாமல் போய், சிவபெருமானின் திருவிளையாடல் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு கொலையை இரண்டாம் முறை செய்வதற்கு இது சமம்.

‘இதெல்லாம் மூடநம்பிக்கை, நீங்களே வளர்க்கலாமா?’ என்று கேட்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கடிதம் வருவதற்கு முன்பே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கொள்ளிவாய்ப் பேய் என்பது சதுப்பில் மட்கும் பொருள்களிலிருந்து எழும் வாயு எரிவது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய்க்கு, மூளை விழித்தும் உடல் விழிக்காத நிலை என்று மருத்துவர்கள் காரணம் சொல்கிறார்கள். உலகம் முழுக்க இந்த அனுபவம் உண்டு. (புளியமரம் ராத்திரியில் விடும் கரியமில வாயுதான் பேய் என்ற விளக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. எல்லா மரமும் இரவில் விடும் அந்தச் சிறிதளவு வாயுவில் திறந்தவெளியில் யாருக்கும் மூச்சு முட்டாது. அறிவியல் மாதிரி ஒலிப்பதெல்லாம் அறிவியல் ஆகிவிடாது.) கரண்டு வந்ததும் பாதிப் பேய் ஊரைவிட்டுப் போனதாகப் பெரியவர்களே சொல்வார்கள். இதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் கதை வேறு, கதையின் பெயரால் ஓர் ஆளை வதைப்பது வேறு. 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற இருபத்து சொச்சம் வயதுப் பெண் காய்ச்சலில் படுத்தாள். தையல் வேலை தெரிந்தவள், சொந்தமாகச் சம்பாதித்தவள். படுத்திருப்பது தன் மனைவி அல்ல, மாற்றி வைக்கப்பட்டவள் என்று கணவன் மைக்கேல் சொன்னான். சொந்தக்காரர்களும் அண்டை வீட்டாரும் கூடி, பிடித்து அழுத்தி, கசப்பு மூலிகையைப் புகட்டி, நெருப்புக்கு மேலே காட்டி ‘நீ யார்’ என்று கேட்டார்கள். கடைசியில் கணவன் எரித்துவிட்டான். உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், பிடித்து இறக்கிவிடலாம் என்று பக்கத்து மேட்டில் இரவெல்லாம் காத்திருந்தான். 20 ஆண்டு தண்டனை கிடைத்தது.

வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. நம் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில், ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் ஓட முடியாமல் எரிந்து போனார்கள். அவர்களில் எத்தனையோ பேரைப் ‘பிடித்திருக்கிறது’ என்று சொல்லித்தான் வீட்டார் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே இப்போது தொழுகையோடு மருத்துவமும் கிடைக்கும்படி தவா-துவா என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. இதுதான் எனக்குச் சரியாகப் படும் வழி. குலசாமிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பெண் திடீரென்று குரல் மாறிப் பேசினால், கோடாங்கிக்கு முன்னால் சிவகங்கை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் சாமியோ பேயோ வருவது பேச இடமில்லாத மருமகள்கள் மேல்தான் என்பதையும் கவனியுங்கள். அவள் என்ன கேட்கிறாள் என்பதைக் காதில் வாங்குங்கள். சாதாரண நாளில் கேட்க முடியாததைத்தான் அன்று கேட்கிறாள்.

மரங்களைப் பற்றிச் சுருக்கமாக. பாலை, காசா, வீரை போன்ற நம் பழைய மரங்கள் இன்று கூட்டமாக நிற்கும் இடம் பெரும்பாலும் கோவில்காடு. சுள்ளி ஒடித்தால் சாமி குத்தம் என்ற பயம் அவற்றைக் காத்தது. அயர்லாந்து மேடு மிஞ்சிய கதையேதான். பயம் போனபின் காடும் போய்விடுமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு வேட்டங்குடிப்பட்டியையும் கொள்ளுகுடிப்பட்டியையும் காட்டுகிறேன். 1977இல் பறவைகள் சரணாலயமான அந்தக் கண்மாய்களின் ஊர்க்காரர்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. முனியும் இல்லை, கருப்பும் இல்லை. கொக்குக்கும் நாரைக்கும் மரியாதை, அவ்வளவுதான்.

கடைசியாக, இந்தப் பக்கத்தை எழுதியதற்கான முக்கியக் காரணம்.

அயர்லாந்து அரசு 1935இல் நாட்டார் வழக்காற்றுக்கென ஓர் ஆணையம் அமைத்தது. 1937முதல் 1939வரை, சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுக்கப்பட்டது: வீட்டுக்குப் போ, தாத்தா பாட்டியிடம் கேள், பக்கத்து வீட்டுக் கிழவரிடம் கேள், கேட்டதை எழுதி வா. எந்த மேட்டில் யார் இருக்கிறார்கள், எந்தக் கிணற்று நீர் எந்த நோய்க்கு நல்லது, பஞ்ச காலத்தில் நம் ஊரில் யார் செத்தார்கள், எல்லாம் எழுதினார்கள். ஏறத்தாழ 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கங்கள். இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன, இணையத்திலும் படிக்கலாம். எழுதி வந்தவர்கள் பெரும்பாலும் பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள்.

நம்மிடமும் நா. வானமாமலை, கி. ராஜநாராயணன், தொ. பரமசிவன் போன்றவர்கள் தனி ஆளாகவும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டும் அலைந்து சேர்த்தார்கள். தொ.ப. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தவர், இளையான்குடிக் கல்லூரியில் பாடம் சொன்னவர். அந்த வகையில் நம் சீமைக்கும் சொந்தக்காரர். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் நிறையச் செய்திருக்கிறது. ஆனாலும் ஒக்கூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று எண்பது வயதில் இருக்கும் அப்பத்தாக்களுக்குத் தெரிந்த கதையில் கால்வாசிகூட எழுத்தில் ஏறவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பூட்டிய செட்டிநாட்டு வீட்டுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், இல்லாத பேயைத் தேடி யூடியூப்பில் போடுகிறார்கள். இருக்கும் அப்பத்தாவிடம் கேட்கலாம்.

எனவே ஒரு வேண்டுகோள். நம் இதழ் அடுத்த ஆடிக்கு ஒரு சிறப்பிதழ் கொண்டுவருகிறது. உங்கள் ஊர் எல்லைச் சாமி, முனி, சப்தகன்னி, பேய் மரம், தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, வீட்டில் படைப்புப் போடும் கன்னி, எதைப்பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள். பள்ளி ஆசிரியர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு விடுமுறைக்கு இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் பெரிய உதவி. சொன்னவர் வயது என்ன, எந்தக் கோயில், எந்தக் கண்மாய், என்ன படைப்பார்கள், யார் அங்கே போகக்கூடாது என்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கதை நயமாக இருக்க வேண்டியதில்லை. அப்பத்தா சொன்ன வார்த்தையிலேயே இருக்கட்டும். சாதி வரும் இடத்தில் மழுப்பாதீர்கள், கொலை வரும் இடத்தில் திருவிளையாடல் ஆக்காதீர்கள். கதையில் வரும் குடும்பங்கள் இன்றும் ஊரில் இருந்தால் பெயரை அச்சிட மாட்டோம், அந்தப் பொறுப்பு எங்களுடையது. வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுதலாம்; பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களோடு முனீஸ்வரரும் கருப்பரும் கப்பலேறிப் போனார்களே, அந்தக் கதைகளும் வேண்டும். அயர்லாந்து வாசகி தன் வீட்டுக்காரரின் முள்மரத்தைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அதையும் சேர்த்தே வெளியிடுவோம்.

தை முதல் நாளுக்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். தாளில் எழுதினாலும் சரி, குரலைப் பதிவு செய்து அனுப்பினாலும் சரி, ஊர்ப் பெயரையும் தாலுகாவையும் குறிப்பிட மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
ஒக்கூர்